சீசனுக்குப் பேர்

மேல்பிரிவு, மடுல்சீமை
02.07.2025

தம்பி அழகருக்கு அக்கா பெரியாயி எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை உன் வேன் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் வந்து ஹார்ன் அடித்தபோது, நான் வீட்டில் இல்லை என்று பக்கத்து வீட்டு ராசம்மா சொன்னாள் அல்லவா? அது பொய். நான் கக்கூசுக்குள் இருந்தேன். போன காரியத்துக்கு இல்லை, ஒளிந்துகொண்டு. கதவுக்குக் கொண்டி கிடையாது. ஒரு கையால் கதவையும் ஒரு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஏழு தடவை அடித்தாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், வேறு வேலை? எனக்கு வயது நாற்பத்தொன்பது.

உன் வேனில் மாதக் காசு கட்டி வருகிறேன் என்று கல்யாண வீட்டில் தலையாட்டியது உண்மைதான். அப்போது என் வாயில் வடை இருந்தது. தலை மட்டும்தான் சும்மா இருந்தது, அது ஆடிவிட்டது. அதற்குப் பிறகு நான் டிப்போவுக்குப் போய் பஸ் சீசன் எடுத்துவிட்டேன். பதுளைக்கு ஒரு மாதம் முழுக்கப் போகலாம், வரலாம். அட்டையில் என் படம் ஒட்டியிருக்கிறார்கள். பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன். ஷுக்ரி முதலாளியின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போகிறவளுக்கு அது போதும்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரித்துக்கொள். கீழ்ச் சந்தியில் உன் வாசலில் பஸ் நிற்கும்போது கண்டக்டர் மொஹிதீன் இதைக் கையில் தருவார்.

அக்கா

*

கீழ்ச் சந்தி
04.07.2025

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேனை எதிர்த்து எழுதிய கடிதத்தைப் பஸ்ஸிலேயே அனுப்பிய தங்கள் துணிவை மெச்சுகிறேன். மொஹிதீன் அதைத் தரும்போது சிரித்தார். படித்திருப்பார் போலிருக்கிறது.

தாங்கள் யோசிக்காமல் செய்த காரியம் இது. ஞாயிறும் பௌர்ணமிப் போயா தினமும் கடை பூட்டு. அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் சீசனுக்குக் காசு. பஸ் வராவிட்டால் பிரைவேட் பஸ்ஸில் அந்த அட்டையைக் காட்ட முடியாது, மறுபடியும் காசு. பசறை வரைக்கும் நின்றுகொண்டு போக வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் வளைவில் வாந்தி எடுத்தால் அதுவும் தங்கள் சேலையில். என் வேனில் ஆளுக்கு ஒரு சீட். வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறேன். காசு கூடத்தான், இல்லை என்று சொல்லவில்லை.

நான் விளையாட்டுக்கு வேன் எடுக்கவில்லை. போன வருடம் விஜயலெட்சுமி வயிற்று வலியால் துடித்தபோது அந்தப் பஸ்ஸை நம்பி வளைவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அது வரவே இல்லை. என் பெண்டாட்டி இனி ஒரு நாளும் ரோட்டில் கிடக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தாங்கள் ஏறினால் மேல்பிரிவே ஏறும் என்று நம்பினேன். சொந்த அக்காவே ஏறாத வேனில் ஊரார் ஏன் ஏறுவார்கள்?

இப்படிக்கு,
அழகர்

*

மேல்பிரிவு
07.07.2025

தம்பி அழகருக்கு,

“தாங்கள்” என்று எழுதியிருக்கிறாய். யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஆறு வயது வரைக்கும் என் முதுகில் மூக்கைத் துடைத்தவனுக்கு நான் தாங்களா?

ஞாயிற்றுக்கிழமைக் காசு வீண் என்று சொன்னாய். அது மனதில் குத்திவிட்டது. அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பதுளைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்தேன். ஒரு பிளேன்டீ குடித்தேன். அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். கூட்டமே இல்லை, போகும்போதும் சீட், வரும்போதும் சீட். “எங்கம்மா போயிட்டு வாறீங்க?” என்று மொஹிதீன் கேட்டார். “சும்மா”ன்னு சொன்னேன். “சும்மா போறதுக்கு நாலு மணித்தியாலமா?” என்றார். “எங்க தம்பிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்திச்சு”ன்னு சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.

இன்னொன்று. சேல் நேரத்தில் முதலாளி ஆறு மணி வரைக்கும் கடையில் வைத்துக்கொள்வார். உன் வேன் ஐந்துக்குப் போய்விடும். நான் சீசன்காரி, ஐந்தரை பஸ்ஸை விட்டால் ஆறரை பஸ்ஸில் வருவேன். இதைப் பற்றி நீ எழுதவே இல்லையே?

விஜயா விஷயத்தில் நான் விளையாட மாட்டேன். அந்த மூன்று மணி நேரமும் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. நீ ரோட்டில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாய். எதையும் நான் மறக்கவில்லை.

அக்கா

*

கீழ்ச் சந்தி
12.07.2025

அக்கா அவர்களுக்கு,

பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கும் அறிவித்தலைத் தாங்கள் பார்த்தீர்களா? எழுத்துக்கூட்டிப் படிக்கக் கஷ்டமாக இருந்தால் நான் சொல்கிறேன். ஆகஸ்ட் முதலாம் தேதியிலிருந்து காலை பஸ் மேல்பிரிவுக்கு வராது. கீழ்ச் சந்தியோடு திரும்பிவிடும். மேலே ஆள் போதாதாம். முப்பது பெரியவர்கள் சீசன் எடுத்தால் மட்டும் தொடரும். பள்ளிப் பிள்ளைகளின் சீசன் அந்த முப்பதில் சேராது. இப்போது மேல்பிரிவில் ஒன்பது சீசன் இருக்கிறது. அதில் ஒன்று தங்களுடையது.

இதற்கு நான் காரணம் இல்லை. ஆனாலும் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று தெரியும்.

கோபத்தை விடுங்கள். ஆகஸ்டிலிருந்து என் வேனில் முன் சீட் தங்களுக்கு. தங்களுக்கு மட்டும் பாதிக் காசு. வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அழகர்

*

மேல்பிரிவு
14.07.2025

டேய் அழகர்,

முன் சீட்டும் வேண்டாம், பாதிக் காசும் வேண்டாம்.

அந்த பஸ் வராவிட்டால் நான் காலை நாலு மணிக்கு எழும்பி மூன்று மைல் இருட்டில் இறங்க வேண்டும். பன்றி நிற்கிற பாதை. இல்லாவிட்டால் சேலையை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் கூடையைத் தூக்க வேண்டும். பதினேழு வருடம் கொழுந்து பறித்தேன், போதும். நானாவது நடப்பேன். கிளினிக் போகிற பிள்ளைத்தாச்சிகள் நடப்பார்களா?

நீ கணக்குப் படித்தவன். இதைப் பார். என்னிடம் காசு இருக்கிறது என்று நான் வேனில் ஏறுகிறேன். அடுத்தவள் ஏறுகிறாள். அவளுக்கு அடுத்தவளும் ஏறுகிறாள். கடைசியில் பஸ்ஸில் மிச்சம் யார்? வேனுக்குக் காசு இல்லாதவர்கள். அவர்களைத் தலை எண்ணிப் பார்த்துவிட்டு, போதாது என்று டிப்போ பஸ்ஸை நிறுத்தும். பஸ் நின்ற பிறகு நீ காசைக் கூட்டுவாய். நீ நல்லவன், ஒரு மாதம் பொறுத்துக் கூட்டுவாய்.

இன்னும் இருபத்தொரு பேர்தானே? நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். எழுத்துக்கூட்டியே இருபத்தொரு பேர் எழுதுவேன். நீ உன் சந்தியில் இருந்து பார்.

பெரியாயி

*

கீழ்ச் சந்தி
20.07.2025, ஞாயிறு

அக்கா,

இன்றைக்குக் காலை மேலே நீ என்ன செய்தாய்?

முப்பத்து நாலு பொம்பளைகள் கூடையோடு பஸ் திரும்பும் இடத்தில் நின்றார்களாம். டிப்போ ஐயா எண்ணிக்கொண்டு போனாராம். பஸ் தொடரும் என்று சொன்னாராம். என் வேனில் வருகிற முத்துவின் அம்மாவும் அதில் நின்றிருக்கிறாள். “சீசன் எடுத்திட்டீங்களா?” என்று கேட்டேன். “சீசன எங்க தம்பி எடுக்கிறது? அது மலையில வர்றதுதானே?” என்கிறாள்.

அவளுக்கு பஸ் சீசன் என்றால் என்னவென்றே தெரியவில்லை. இது மோசடி. இனி நீ எனக்குத் தாங்கள் இல்லை, நீதான். நான் டிப்போவுக்குப் போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

அழகர்

*

மேல்பிரிவு
22.07.2025

தம்பி,

மோசடி என்று எழுதிவிட்டாய். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு அந்தச் சொல்லை வைத்துக்கொள், அல்லது திரும்ப எடுத்துக்கொள்.

நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனேன். “சீசனுக்குப் பேர் குடுங்க”ன்னு கேட்டேன். அவ்வளவுதான். எல்லோரும் கொடுத்தார்கள். ரெண்டு பேர் ஓடி வந்து கொடுத்தார்கள். அடடா, நமக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

எனக்கு சீசன் என்றால் அந்த அட்டை. அவர்களுக்கு சீசன் என்றால் ஜூலை மாசத்துக் காற்றில் நல்ல தேயிலை வருகிற சீசன். பேர் என்றால் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் விழுகிற பேர், ஒரு நாள் சம்பளம். சீசனில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூடுதலாகப் பேர் போடப் போகிறார்கள், பெரியாயி எழுதிக்கொண்டு போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். இதில் நான் வேறு, “ஞாயித்துக்கிழமை காலையில பஸ் திரும்புற எடத்துக்கு வந்திருங்க, பெரிய ஐயா பாக்க வர்றாரு”ன்னு சொல்லி வைத்திருந்தேன். டிப்போ ஐயாவுக்கு அன்றைக்கு மடுல்சீமை புத்தர் கோயில் பன்சலையில் தானம், வருகிற வழியில் எட்டிப் பார்ப்பதாக மொஹிதீன் சொல்லியிருந்தார். அவர்கள் அதைத் தோட்டத்துத் துரை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தரைக்கு நான் போய்ப் பார்த்தால், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களம் மாதிரி இருக்கிறது. கூடை, இடுப்பில் கட்டுகிற படங்கு, தலையில் துணி. “ஏன்டி கூடை?”ன்னு விஜயலெட்சுமியின் சித்தியிடம் கேட்டேன். “கூடை இல்லாம கையிலயா புடுங்குறது?” என்றாள். அவர்கள் எந்தச் சீசனை நினைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்ல வாயைத் திறக்கிறேன், ஜீப் வந்து நிற்கிறது.

ஐயா இறங்கினார். எண்ணினார். முப்பத்து நாலு. முகம் மலர்ந்துவிட்டது. “ஒக்கொம சீசன்த?” என்றார். எல்லோரும் சீசனா என்று கேட்கிறார், அந்தளவு சிங்களம் எல்லோருக்கும் தெரியும். முப்பத்து நாலு வாயும் ஒரே நேரத்தில், “ஆமாங்கய்யா, சீசன்தான்!” என்றன.

ஐயா புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பஸ் தொடரும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, தானத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னைக் கேட்டார்கள், பார். “பேர் எப்ப போடுவாங்க?” “அரைப் பேரா, முழுப் பேரா?” உண்மையைச் சொன்னேன், முத்துவின் அம்மா மட்டும் அதற்குள் கீழே இறங்கிவிட்டாள். ராசம்மா ஒரு கூடையைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாள். உள்ளே எறும்பு இருந்தது.

நான் ஐயாவிடம் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்கப்பட மாட்டேன். போய்ச் சொல். வேனில் போகாதே, உன் எழுத்து மாதிரியே அதுவும் விறைப்பாகப் போகும். பஸ்ஸில் போ.

பெரியாயி

*

கீழ்ச் சந்தி
25.07.2025

அக்காவுக்கு,

போனேன். வேனில்தான் போனேன். சொல்லிவிட்டேன்.

நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க யாரு?” என்றார். அந்த அம்மாவின் தம்பி என்றேன். கொஞ்ச நேரம் என் சட்டைப் பையில் இருந்த வேன் சாவியைப் பார்த்தார். “வேன் ஓட்டுறதா?” என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் பேனாவைக் கையில் எடுத்தார். அந்த டிப்போக் கந்தோரில் வேலை செய்கிற எல்லோரும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். நான் செய்தது சரி. ஆனால் திரும்பி வருகிற வழி முழுவதும் ரேடியோ போடவில்லை.

அவர் சொன்னது இதுதான். முப்பத்தோராம் தேதி நாலு மணிக்குள் முப்பது சீசன் காசு கட்டி எடுத்திருக்க வேண்டும். கூடையை எண்ண மாட்டாராம்.

இன்னும் ஆறு நாள். ஒன்பதுதான் இருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதப் பிடிக்கவில்லை.

அழகர்

*

மேல்பிரிவு
29.07.2025

தம்பி,

நீ போய்ச் சொன்னது நல்லதாகப் போயிற்று. உன் மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், கொஞ்சம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

திட்டு வாங்குவதற்காக முப்பத்து நாலு வீட்டுக்கும் மறுபடி போனேன். முதலில் திட்டட்டும் என்று விட்டுவிடுவேன். ஆள் களைத்த பிறகு கேட்பேன்: “ஒங்க வீட்ல டவுனுக்கு வேலைக்குப் போறது யாரு?” கொழுந்து பறிக்கிறவளுக்கு சீசன் எதற்கு? ஆனால் அவள் மகள் பசறையில் பேக்கரிக்குப் போகிறாள், மருமகன் மரம் விற்கிற மரக்காலைக்குப் போகிறான். தேடினால் லயத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான்தான் இதுவரை ஆளை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. நிற்க வேண்டி வரும், வாந்தி வரும், ஒரு நாள் ரெண்டு நாள் பஸ் வராது, அன்றைக்குக் கைக்காசுதான் என்று சொன்னேன். மாதத்தில் எத்தனை நாள் போகிறீர்கள் என்று கேட்டேன். பத்து நாள் போகிறவளிடம் வேண்டாம் என்றேன். இருபது நாளுக்கு மேல் போகிறவளிடம், எடு, உனக்கு லாபம் என்றேன். அதைக் கேட்டுவிட்டு ஜெயகுமார், அந்த மரக்காலைப் பையன், “அக்கா, நீங்க டிப்போவுக்கு வேலை செய்றீங்களா?” என்றான். “இல்லடா, டிப்போதான் எனக்கு வேலை செய்யணும், அதுக்குத்தான் அலையிறேன்”ன்னு சொன்னேன்.

இதை நீ வேறு யார் வாயாலும் கேள்விப்படக் கூடாது என்று நானே எழுதுகிறேன்: உன் வேனிலிருந்து ஏழு பேர் வந்திருக்கிறார்கள். உன் முகத்துக்கு நேரே எடுத்தேன், முதுகுக்குப் பின்னால் இல்லை.

இருபத்தொன்பது ஆகிவிட்டது. ஒன்று குறைகிறது. இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது.

பெரியாயி

*

கீழ்ச் சந்தி
01.08.2025

அக்கா,

முப்பதாவது பேர் யாருடையது என்று உனக்குத் தெரியும். எனக்கு நேற்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் தெரியும். சோற்றுக்குப் பக்கத்தில் விஜயா அட்டையை வைத்தாள். படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டில் யாருக்கும் அட்டையில் சிரிக்க விடுவதில்லையே, இவளுக்கு மட்டும் எப்படி விட்டார்கள்?

விஜயலெட்சுமி பசறையில் முன்பள்ளியில் படிப்பிக்கப் போகிறவள். நாங்கள் கீழ்ச் சந்தியில் இருக்கிறோம், மேலே பஸ் வந்தால் என்ன, வராவிட்டால் இவளுக்கென்ன என்று கேட்டேன். அவள் பிறந்த லயத்து விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள். வாரத்தில் நாலு நாள் அம்மாவைப் பார்க்க மேலே தங்குகிறாளாம். தங்கத்தான் செய்கிறாள், அதை நான் யோசிக்கவில்லை.

“வேன் இருக்குதானே, ஒனக்காகத்தானே எடுத்தேன்?” என்று கேட்டேன்.

“எனக்காக எடுத்தீங்க. எல்லா சீட்டையும் காசுக்குக் குடுத்திட்டீங்க. ரெண்டு மாசமா நான் முன்பள்ளிக்கு எதுல போறேன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை, அக்கா.

“அன்னைக்கு பஸ் வரலன்னு இவ்வளவு கோவம் இருக்கே ஒங்களுக்கு. அப்ப பஸ்ஸ ஒழுங்கா வரச் சொல்லி சண்ட போடணும். அதையே நிப்பாட்டிட்டா வளைவுல இன்னொருத்திதானே உக்காந்திருப்பா?” என்றாள். பிறகு எனக்கு ரசம் ஊற்றினாள்.

நீ ஜெயித்தாய் என்று எழுத மாட்டேன். வேனையும் விற்க மாட்டேன். ஐந்து பேர் மிச்சம், அவர்களுக்கு ஓடுவேன். முன் சீட்டை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். அது விஜயாவுக்கு. அவள் ஏறுவாளோ தெரியாது.

அழகர்

*

பதுளை, ஷுக்ரி முதலாளி கடை
04.08.2025

தம்பி அழகருக்கு,

நீ தோற்றாய் என்று நானும் எழுத மாட்டேன். லயம் முழுக்க வாயால் சொல்லியாகிவிட்டது, எழுதத் தாள் வீண்.

பஸ் இன்றைக்கு மேல்பிரிவுக்கு வந்தது. முப்பது சீசன் இருப்பதால் பழைய சின்ன பஸ் பத்தாது என்று டிப்போ நீளமான பஸ்ஸை அனுப்பியிருக்கிறது. ராசம்மா சூடம் கொளுத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். விஜயா எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நாளைக்கு உன் வேனில் வந்து பார்க்கிறாளாம், பிடித்தால் மட்டும் மறுநாளும் வருவாளாம். தலையை வாரிக்கொண்டு இரு. அவள் கேட்டால் நான் எழுதவில்லை என்று சொல்.

அந்தத் திரும்பும் இடம் சின்ன பஸ்ஸுக்குப் போட்டது. நீளமான பஸ் அதில் மூன்று தடவை முன்னும் பின்னும் போனது. நாலாவது தடவை பின்னால் வந்தபோது ஓரத்தில் இருந்த என் கோழிக்கூட்டின் மேல் ஏறியது. கூடு இப்போது இல்லை. கோழிகள் மூன்றும் நலம். ரெண்டு ராசம்மா வீட்டுக் கூரையில் இருக்கின்றன. மற்றது திறந்திருந்த பின்கதவு வழியாக பஸ்ஸுக்குள் ஏறிவிட்டது, பசறை தாண்டிய பிறகுதான் பார்த்தோம். கடையில் சேலை அடுக்குக்குக் கீழே காலைக் கட்டி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்குக் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் ஒரு கல்யாணப் பட்டின் மேல் முட்டையிட்டது. முதலாளி கறை உள்பக்கம் போகிற மாதிரி அந்தச் சேலையை மடிக்கச் சொன்னார், மடித்துவிட்டேன்.

பெரியாயி